சுட்டாலும் பறக்காத புறா

போன இதழில் மாடப்புறாவைப் பற்றி இரண்டு பத்தி எழுதினாலும் எழுதினேன், வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஏர்கன்னைப் பற்றி. சரி, இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

கேள்வி: இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் பக்கம் ஒரு தானியக் கிடங்கில் வேலை பார்க்கிறேன். கூரைச் சட்டங்களில் முந்நூறு மாடப்புறாவாவது அடைகிறது, கோதுமை மேல் எச்சம் விழுகிறது என்று மாதம் ஒருமுறை ஒருவர் ஏர்கன்னோடு வருவார். போன வாரம் அவர் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு புறா அடிபட்டு விழுந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி இருந்த இன்னொன்று கழுத்தைச் சாய்த்துக் கீழே பார்த்துவிட்டு இறகு கோத ஆரம்பித்துவிட்டது. அடுத்த குண்டு தவறித் தகரத்தில் பட்டது, மொத்தக் கூட்டமும் எழும்பிவிட்டது. சாவுக்குப் பயப்படாமல் சத்தத்துக்குப் பயப்படுகிறதே, புறா அவ்வளவு மரமண்டையா?

பதில்: மரமண்டை இல்லை, பாவம். அதன் கணக்கு அதற்குச் சரி.

சுட்டார்கள், செத்தது, அடுத்தது நான் என்று மூன்றையும் கோத்துப் பார்ப்பது துப்பாக்கி என்றால் என்னவென்று தெரிந்த நமக்குத்தான் முடியும். புறாவின் முன்னோர்களைக் காலம் காலமாகக் கொன்றது வல்லூறும் பைரியும் பூனையும். இவை வரும்போது ஓர் உருவம் சட்டென்று பெரிதாகிக்கொண்டே வரும், நிழல் விழும், முதலில் பார்த்த பறவை படபடவென்று எழும்பும். இந்த மூன்றில் ஒன்று நடந்தால் புறா பறக்கும். உங்கள் கிடங்கில் எது நடந்தது? எழுபது எண்பது அடி தள்ளி, தூணோரம் அசையாமல் ஒரு ஆள். ஒரு சின்ன 'தப்'. பக்கத்தில் இருந்தது கீழே போய்விட்டது. புறா கூரையிலிருந்து கீழே போவது தினமும் நடப்பதுதானே, இதில் பயப்பட என்ன இருக்கிறது?

ஏர்கன்னில் வெடிமருந்து கிடையாது, அடைத்து வைத்த காற்றோ சுருள்வில்லோதான் குண்டைத் தள்ளுகிறது. இங்கிலாந்தில் உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடிய ஏர் ரைஃபிளின் வலு 12 அடி-பவுண்டுக்குள் இருக்க வேண்டும், நம் கணக்கில் சுமார் 16 ஜூல். குண்டு ஒலியின் வேகத்தில் பாதியை ஒட்டித்தான் போகும், அதனால் பெரிய ரைஃபிளில் கேட்கிற சாட்டையடி மாதிரியான சத்தம் இதில் வருவதில்லை. குழல் நுனியில் சத்தம் அடக்கும் குப்பியும் மாட்டியிருந்தால், துப்பாக்கியின் சத்தத்தைவிடக் குண்டு போய்ப் படும் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். புறா உடம்பில் பட்டால் மெத்தையில் குத்தின மாதிரி. தகரத்தில் பட்டால் 'டங்' என்று கிடங்கே அதிரும். குறி தவறினால்தான் புறாவுக்குச் செய்தி போகிறது என்று சொன்னால் சிரிப்பாக இருக்கும், ஆனால் நீங்கள் பார்த்தது அதைத்தான்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. புறாக்களுக்குள் 'ஓடு' என்ற செய்தி பெரும்பாலும் வாயால் போவதில்லை, சிறகால் போகிறது. ஆஸ்திரேலியாவில் கொண்டை வைத்த புறா ஒன்று இருக்கிறது. அதன் சிறகில் எட்டாவது நீள இறகு மட்டும் வழக்கத்துக்கு மாறாக ஒடுங்கி இருக்கும், சிறகை அடிக்கும்போதெல்லாம் அந்த இறகு ஒரு விசில் சத்தம் போடும். நிதானமாகப் பறந்தால் நிதானமான விசில், பயந்து அடித்துக்கொண்டு எழும்பினால் அவசர விசில். அந்த இறகை எடுத்துவிட்டுப் பறக்கவிட்டார்கள், சத்தத்தைப் பதிவு செய்து மற்ற புறாக்களுக்குப் போட்டுக் காட்டினார்கள், அனேகமாக ஒன்றும் எழும்பவில்லை. இறகு இருந்தபோது பதிந்த அவசர விசிலைப் போட்டார்கள், பறந்துவிட்டன. 2017-இல் வெளிவந்த ஆய்வு இது. நம் மாடப்புறாவுக்கு அப்படித் தனி இறகு இல்லை, ஆனாலும் திடீரென எழும்பும்போது சிறகுகள் மோதிப் பட்பட்டென்று கேட்கிறதல்லவா, கோயில் மண்டபத்துக்குள் கேட்டிருப்பீர்கள். குண்டு தலையில் பட்டுச் சட்டென்று விழுந்த புறா அந்தச் சத்தத்தைப் போடவே இல்லை. அடுத்த முறை கவனியுங்கள், காயம்பட்டுச் சிறகடித்துக்கொண்டு விழும் புறாவுக்கு மற்றவை இப்படிச் சும்மா உட்கார்ந்திருக்காது.

இன்னும் ஒன்று. உங்கள் ஊர் வயல்களில் மேயும் பெரிய காட்டுப் புறா, கழுத்தில் வெள்ளைத் திட்டும் சிறகில் வெள்ளைப் பட்டையும் உள்ளது, அதைச் சுட வருபவர்கள் சுட்ட புறாவையே வயலில் உட்கார வைத்த மாதிரி வைப்பார்கள். மேலே போகிற கூட்டம் அதைப் பார்த்து இரை இருக்கிறது என்று இறங்கும். செத்த புறாவே தூண்டில்! ஆனால் சிறகை மடக்கி வைக்க வேண்டும். விரித்து வைத்து வெள்ளைப் பட்டை தெரிந்தால் வந்த கூட்டம் தயங்கி விலகிப் போகும், ஏனென்றால் வெள்ளை தெரிந்தால் யாரோ எழும்புகிறார்கள் என்று அர்த்தம். பிணமா உயிரா என்பதைவிடச் சிறகு விரிந்திருக்கிறதா மடங்கியிருக்கிறதா என்பதுதான் புறாவுக்குச் சேதி.

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கிறேன். பறவைக்கு முதலில் வருவது சத்தமா, குண்டா? சத்தம் முதலில் வந்தால் பறவை தப்பித்துவிடாதா? – திருநெல்வேலி

பதில்: நல்ல கேள்வி, விடையை நீயே போட்டிருக்கலாம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர். ஏர்கன் குண்டு நொடிக்கு 180 மீட்டர் என்று வைத்துக்கொள். பறவை 30 மீட்டரில் இருந்தால் சத்தம் ஒரு நொடியில் நூற்றில் 9 பங்கு நேரத்தில் போய்விடும், குண்டுக்கு 17 பங்கு ஆகும். ஆக, சத்தம்தான் முதலில். கிடைக்கிற இடைவெளி நூற்றில் 8 பங்கு. அதற்குள் பறவை திடுக்கிடலாம், தலையை அசைக்கலாம், சில சமயம் அதுவே போதும், குறி தவறிவிடும். எழும்பிப் பறக்க அது போதாது. ராணுவ ரைஃபிளில் கணக்கு தலைகீழ், குண்டு போன பிறகுதான் சத்தம்.

கேள்வி: மாடியில் வடகம் காயப்போட்டால் காக்கைத் தொல்லை என்று என் கணவர் பையனுடைய ஏர்கன்னை எடுத்துச் சும்மா மிரட்டப் போய், ஒரு காக்கை மேல் பட்டு அது செத்துவிட்டது. நாற்பது ஐம்பது காக்கை கூடி ஒரே கூச்சல். அதிலிருந்து மூன்று வாரமாக அவர் மாடிக்குப் போனாலே தலையில் தட்ட வருகின்றன. நான் போனால் ஒன்றும் செய்வதில்லை. நிஜமாகவே ஆளை ஞாபகம் வைத்துக்கொள்ளுமா? – மதுரை

பதில்: வைத்துக்கொள்ளும். உங்கள் வீட்டுக்காரரிடம் பதமாகச் சொல்லிவிடுங்கள், சீக்கிரம் மறக்காது.

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் என்ற பேராசிரியர் 2006-இல் ஒரு வேலை செய்தார். குகை மனிதன் முகமூடி ஒன்றைப் போட்டுக்கொண்டு வளாகத்தில் ஏழு காகங்களைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டார். அப்புறம் யார் அந்த முகமூடியைப் போட்டுக்கொண்டு நடந்தாலும் காகங்கள் கூடித் திட்ட ஆரம்பித்தன. ஒப்பிட்டுப் பார்க்க அப்போதைய துணை அதிபர் டிக் செனியின் முகமூடியை வைத்திருந்தார்கள், அதைப் போட்டவரைக் காகங்கள் கண்டுகொள்ளவில்லை (அமெரிக்க மக்கள் வேறு மாதிரி நினைத்திருக்கலாம்). வருடங்கள் போகப் போகத் திட்டுகிற காகங்கள் குறையவில்லை, கூடின. ஒருமுறை வழியில் பார்த்த 53 காகங்களில் 47 திட்டினவாம். பிடிபட்டது ஏழே ஏழு! மற்றவை எல்லாம் பெற்றோரையும் பக்கத்துக் காகங்களையும் பார்த்துக் கற்றுக்கொண்டவை.

அவருடைய மாணவி கேலி ஸ்விஃப்ட், முகமூடி போட்ட ஆளின் கையில் பாடம் செய்த காகத்தைக் கொடுத்து, காகங்களுக்கு இரை போடும் இடத்துக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார். காகங்கள் கூடிக் கத்தின, அதற்குப் பிறகு சில நாட்கள் அங்கே இரை எடுக்கவே தயங்கின. கையில் செத்த புறாவைக் கொடுத்தபோது அந்த அளவுக்குக் கூட்டமில்லை. தன் இனம் செத்துக் கிடந்தால் 'இங்கே ஏதோ ஆபத்து, யார் என்று பார்' என்று கூடுகின்றன. துக்கமா என்று கேட்காதீர்கள், அதை நான் காக்கையிடம்தான் கேட்க வேண்டும். விசாரணை என்றால் ஒத்துக்கொள்கிறேன்.

இதில் துப்பாக்கிக்கு என்ன பங்கு என்றால், அனேகமாக ஒன்றுமில்லை. மெரினாவில் பலூன் சுடும் கடைக்குப் பக்கத்தில் ஒரு சாயங்காலம் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். நான் பார்த்திருக்கிறேன். பலகைக்கு இரண்டு கெஜம் தள்ளி மணலில் காக்கைகள் மாங்காய்த் துண்டைக் கொத்திக்கொண்டிருக்கும், பக்கத்தில் ஏர்கன் 'டக்' என்கும், பலூன் 'டப்' என்கும், ஒன்றாவது நிமிர்ந்து பார்க்க வேண்டுமே! அந்தச் சத்தத்தால் தனக்கு ஒன்றும் ஆவதில்லை என்று அதற்குத் தெரியும். ஆனால் சுண்டல் விற்கிற பையன் சில்லறை விழுந்தது என்று குனிந்தான், அத்தனையும் பறந்துவிட்டன. குனிந்தால் கல் வரும் என்பது நம் ஊர்க் காக்கைக்குப் பரம்பரைப் பாடம்.

உங்கள் கணவர் இனி மாடியில் முண்டாசோ தொப்பியோ மாற்றிப் பார்க்கலாம், கொஞ்ச நாளைக்குப் பலிக்கும். கையில் சாதம் எடுத்துக்கொண்டு போவது நல்ல வழி. அப்புறம், காக்கையைச் சுட்டால் ஒன்றுமில்லை என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். எலியோடு சேர்த்துக் காக்கையையும் தொல்லை உயிர் என்று வைத்திருந்த அட்டவணை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முன்பு இருந்தது. 2022 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள், 2023 ஏப்ரலில் அமலுக்கும் வந்துவிட்டது.

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் மூன்று ஏக்கர் மக்காச்சோளம். பால் பிடித்தால் போதும், கிளி கூட்டமாக வந்து இறங்குகிறது, மயில் வேறு. லைசென்ஸ் வேண்டாம் என்று சொல்லி ஒரு கடையில் ஏர்கன் காட்டுகிறார்கள். இரண்டு கிளியைச் சுட்டுத் தொங்கவிட்டால் மற்றது வராது என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். மயிலைத் தொட்டால் நேராக ஜெயில், அதில் பேச்சே இல்லை. கிளிக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. கடைக்காரர் சொன்னதில் பாதிதான் உண்மை, 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்குள் வலுவும் உள்ள ஏர்கன்னை உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அதை வைத்துப் பறவையைச் சுடலாம் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

சட்டத்தை விடுங்கள், வேலைக்காவது ஆகுமா என்றால் அதுவும் ஆகாது. லிங்கன்ஷயர் நண்பருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். ஏர்கன் ஒன்றைக் கொல்லும், மற்றதற்குச் சேதி சொல்லாது. அங்கே வயலில் பறவை விரட்டுபவர்கள் பெரிய ஷாட்கன்னை எடுத்துக்கொண்டு வெட்டவெளியில் ஆள் தெரிய நின்று சுடுவதற்குக் காரணமே, சத்தமும் ஆளும் சாவும் ஒரே நேரத்தில் கண்ணில் படட்டும் என்பதுதான். ஒளிந்துகொண்டு சத்தமில்லாமல் சுடுகிற ஏர்கன் அந்த வேலைக்கு நேர் எதிர்.

கிளிக்கு இன்னொரு குணமும் உண்டு, கூட்டத்தில் ஒன்று அடிபட்டால் கத்திக்கொண்டே அங்கேயே சுற்றும். பள்ளிக்கூடக் காலத்தில் என் மாமாவின் கொய்யாத் தோப்பில் ஒரு கிளி காவல்காரரின் கவண் கல்லில் அடிபட்டு இலைக்குள் தொங்கிக்கொண்டு கீச்சிட்டதைப் பார்த்திருக்கிறேன். மற்றவை ஓடிப் போகவில்லை, தலைக்கு மேல் வட்டமடித்தன, இரண்டு அதே கிளையில் வந்து உட்கார்ந்தும் விட்டன. காவல்காரர் இன்னொரு கல்லை வைத்தார். மாமாதான் போதும் விடு என்றார்.

இந்தக் குணத்தால் ஓர் இனமே அழிந்திருக்கிறது. அமெரிக்காவில் கரோலினா கிளி என்று பச்சை உடம்பும் மஞ்சள் தலையுமாக ஒன்று இருந்தது. பழத்தோட்டங்களில் இறங்கும், விவசாயி சுடுவார், ஒன்று விழுந்தால் மிச்சக் கூட்டம் விழுந்ததன் மேலேயே சுற்றிச் சுற்றி வரும், அவர் நின்ற இடத்திலேயே நின்று ஒவ்வொன்றாகச் சுட்டு முடிப்பார். காடு அழிந்ததும் கூண்டுக்குப் பிடித்ததும் காரணம்தான், ஆனால் தோட்டக்காரர்களின் துப்பாக்கிக்குப் பெரிய பங்கு. கடைசியாக மிஞ்சியிருந்த ஆண் கிளி 1918 பிப்ரவரியில் சின்சினாட்டி மிருகக்காட்சி சாலையில் செத்தது.

சரி, சோளத்துக்கு என்ன வழி? கிளி விரட்டுவது நமக்குப் புதிதா என்ன, தட்டை, தழல், குளிர் என்று கிளியோட்டும் கருவிகளைச் சங்கப் பாட்டிலேயே வரிசையாகச் சொல்லியிருக்கிறார்கள், பரண் மேல் பெண் உட்கார்ந்து ஆலோலம் பாடியதும் இதற்குத்தான். அந்த முறையில் ஒரு சூட்சுமம் இருந்தது. ஆள் இருந்தாள், இடம் மாறினாள், சத்தம் மாறியது. நாம் ஒரே டப்பாவை ஒரே மரத்தில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம், நாலு நாளில் கிளி அதன் மேலேயே உட்காருகிறது.

பால் பிடிக்கத் தொடங்கும் முன்பே விரட்ட ஆரம்பியுங்கள், ருசி கண்ட பிறகு விரட்டுவது மூன்று மடங்கு பாடு. காலை விடிந்து இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம், இந்த நேரத்துக்கு ஆள் இருந்தால் போதும், உச்சி வெயிலில் கிளி மரத்தில் கிடக்கும். மினுக்கு நாடாவை முறுக்கிக் கட்டுங்கள், காற்றில் அதிர்ந்து சத்தமும் போடும், வாரத்துக்கு இரண்டு முறை இடம் மாற்றுங்கள். ஓரத்து நாலு வரிசைதான் முதலில் போகும், அதைக் கவனித்தால் உள்ளே தப்பும். மயிலுக்குப் பழைய சேலை வேலியே பரவாயில்லை. பிளாஸ்டிக் குழாயில் கார்பைட் போட்டு வெடிக்கிற துப்பாக்கியை மட்டும் வாங்கி வைக்காதீர்கள், வீட்டில் பிள்ளைகள் எடுத்துவிடும். 2025 தீபாவளிக்குப் போபாலில் அதை வெடித்துப் பார்த்து எத்தனையோ பிள்ளைகள் கண்ணைப் புண்ணாக்கிக்கொண்டார்கள்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஏசி பெட்டி மேலெல்லாம் புறா எச்சம். வெளிநாட்டில் சுட்டுத்தானே கட்டுப்படுத்துகிறார்கள், நாம் மட்டும் ஏன் தயங்க வேண்டும்? – குடியிருப்போர் சங்கச் செயலாளர், கோயம்புத்தூர்

பதில்: வெளிநாட்டில் சுட்டார்கள், கட்டுப்படுத்தினார்களா என்பதுதான் கேள்வி. சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்தில் 1961 முதல் 1985 வரை சுட்டும் பிடித்தும் சுமார் ஒரு லட்சம் புறாக்களைக் கொன்றார்கள். ஊரில் இருந்த புறா சுமார் 20,000, கொன்ற பிறகும் கிட்டத்தட்ட அதே 20,000. இடம் காலியானால் குஞ்சுகள் பிழைத்து அந்த இடத்துக்கு வந்துவிடுகின்றன, இரை அப்படியே இருக்கிறதல்லவா. 1988-இல் வழியை மாற்றி, புறாவுக்கு இரை போடாதீர்கள் என்று ஊர் முழுக்கச் சொல்லி, கூடுகளை ஓரிடத்தில் கட்டி முட்டையை எடுத்தார்கள். கணக்கெடுத்த கூட்டங்களில் 1,400 இருந்தது நாலு வருடத்தில் 708 ஆனது.

இங்கிலாந்திலும் இதே கதை. காட்டுப் புறாவைச் சுட அரசே தோட்டாவுக்கு மானியம் கொடுத்த காலம் உண்டு. மர்ட்டன் என்ற ஆய்வாளர் கேம்பிரிட்ஜ்ஷயர் வயல்களில் வருடக்கணக்காக எண்ணிப் பார்த்துச் சொன்னது, குளிர்காலத்தில் சுடப்படுவதெல்லாம் எப்படியும் இரையில்லாமல் சாகப் போகிற புறாக்கள், சுட்டதால் மிச்சமிருப்பவற்றுக்கு இரை கூடக் கிடைக்கிறது. இன்றைக்கு அந்த நாட்டில் 50 லட்சம் ஜோடிக்கு மேல் காட்டுப் புறா இருக்கிறது.

உங்கள் மூன்றாம் பிளாக்கில் யாரோ காலையில் அரிசி போடுகிறார், எல்லாக் குடியிருப்பிலும் ஒருவர் இருப்பார், அவரோடு பேசுங்கள். அப்புறம் வலை. முட்டையும் குஞ்சும் இல்லாத நாளில் கட்டுங்கள், இல்லாவிட்டால் உள்ளே மாட்டிய குஞ்சு நாறும், வெளியே நிற்கும் தாய் வலையை விட்டுப் போகாது.

கேள்வி: அருணாசலப் பிரதேசத்தில் மக்களே ஏர்கன்னைத் திருப்பிக் கொடுத்தார்களாமே? – தஞ்சாவூர்

பதில்: உண்மைதான். 2021 மார்ச்சில் கிழக்கு காமெங் மாவட்டம் லும்டுங் கிராமத்தில் தொடங்கியது, முதல் நாளே 46 பேர் கொடுத்தார்கள், பிறகு மாநிலம் முழுக்க 2,000-க்கு மேல் வந்தன. வேட்டை பழகிய மண், ஆனால் மலிவான ஏர்கன் வந்த பிறகு பையன்கள் சிட்டுக்குருவி அளவுப் பறவையைக்கூட விடவில்லை. காடு அமைதியாகிவிட்டது என்று அவர்களுக்கே தோன்றியிருக்கிறது.

கேள்வி: எட்டாவது படிக்கும் பேரன் பிறந்த நாளுக்கு ஏர்கன் கேட்கிறான். இதையெல்லாம் படித்தால் பயமாக இருக்கிறது, வாங்கித் தரலாமா? – கடலூர்

பதில்: தோட்டத்தில் தனியாகச் சுட என்றால் வேண்டாம். பக்கத்தில் துப்பாக்கி சுடும் சங்கம் இருந்தால் அங்கே சேர்த்துவிடுங்கள், துப்பாக்கி அங்கேயே இருக்கட்டும். உங்கள் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் உலகக் கோப்பைத் தங்கம் வாங்கியவர், பேரனிடம் அதைச் சொல்லுங்கள். அந்தப் போட்டியில் பத்துப் புள்ளி தருகிற நடுப்பொட்டு அரை மில்லிமீட்டர், பேனா முனையால் ஒரு தடவை தொட்ட அளவுதான். மைனாவை அடிப்பது அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. குண்டு ஈயம், கையில் ஒட்டும். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தின்பண்டத்தைத் தொட வேண்டும் என்று முதல் நாளே பழக்கிவிடுங்கள்.